நாலாவது திசை உண்டா? தேடிப் பார்க்கும் வழி

சில மாதங்களுக்கு ஒருமுறை "ஐந்தாவது பரிமாணம் கண்டுபிடிப்பு!" என்று ஒரு வீடியோ சுற்றி வரும். வகுப்பு முடிந்ததும் என் எம்.எஸ்ஸி. மாணவர்கள் அதை போனில் காட்டி, "மேடம், நிஜமாவே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் பரிமாணம் எவ்வளவு பெரியது, அதற்குள் எதெல்லாம் நுழையும் என்று தெரிந்தால்தான் பதிலே சொல்ல முடியும். சில வகைப் பரிமாணங்களை ஒரு சின்ன ஆய்வு அறையில் மேசைமேல் வைத்தே பிடித்துவிடலாம். சில வகைகள் இல்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வேறு சிலவற்றை நேரில் காட்டும் கருவியை மனிதர்கள் கட்டவே மாட்டார்கள் என்பது என் கருத்து.

கரும்பலகையில் நான் போகும் வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். பிளஸ் டூ இயற்பியல் போதும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கணக்கு வரும். அதை நீங்களே போட்டுப் பார்த்தால்தான் ருசி.

எதைத் தேடுகிறோம் என்று முதலில் எழுதுங்கள்

பரிமாணம் என்றால் வேறொரு உலகம், ஆவிகள் இருக்கும் இடம் என்கிற மாதிரி வீடியோக்களில் காட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பரிமாணம் என்பது நகர்வதற்கு ஒரு தனித் திசை, அவ்வளவுதான். முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என்று மூன்று நமக்குத் தெரியும். இந்த மூன்றுக்கும் செங்குத்தாக இன்னொன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலத்தை நாலாவதாக எண்ணிவிடுவதால் புதிதாக வரும் திசையைச் செய்திகளில் ஐந்தாவது என்கிறார்கள்.

சரி, இருந்தால் ஏன் கண்ணில் படவில்லை? இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அது சுருண்டு மிகச் சிறிதாக இருக்கலாம். சுருட்டி வைத்த பாயைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் வெறும் கோடாகத்தான் தெரியும்; அதன்மேல் ஊரும் எறும்புக்கு மட்டும் நீளவாக்கில் போகவும் வழி உண்டு, சுற்றி வரவும் வழி உண்டு. ஐந்தாவது பரிமாணத்தைச் சேர்த்தால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே சமன்பாட்டுக்குள் வந்துவிடும் என்று 1919-இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதினார் ஜெர்மானியக் கணிதவியலாளர் தியோடோர் கலூசா. கட்டுரை 1921-இல்தான் வெளிவந்தது. 1926-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கிளைன், அந்தத் திசை வட்டமாகச் சுருண்டிருக்கலாம் என்றார். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வட்டத்தின் சுற்றளவையும் கணக்கிட்டார்: ஏறத்தாழ 10⁻³² மீட்டர். புரோட்டானோடு ஒப்பிட்டாலே பல கோடி கோடி மடங்கு சிறியது.

இரண்டாவது பதில் பிற்காலத்தது. அந்தத் திசை அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டியதே இல்லை. நாம்தான் அதற்குள் நுழைய முடியாதபடி ஒரு முப்பரிமாணச் சவ்வில் ஒட்டியிருக்கிறோம். எலக்ட்ரான், குவார்க், ஒளி எல்லாமே அந்தச் சவ்வுக்குள் அடங்கியவை. ஒளியே அந்தப் பக்கம் போகாது என்றால் எதைக் கொண்டு பார்ப்பது? ஈர்ப்பு மட்டும் விதிவிலக்கு. ஈர்ப்பு என்பது வெளியின் வளைவு, ஆகவே வெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது போயே தீரும்.

தாளில் இரண்டு தலைப்புப் போடுங்கள்: "அளவு என்ன?", "யார் நுழைகிறார்கள்?" இனிமேல் எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்த இரண்டையும் நிரப்பிவிட்டு மேலே போங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாத செய்தியோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே கை வைப்பது

தேடுகிறவர்கள் முதலில் தொட்டது நியூட்டனின் எதிர்த்தகவு இருமடி விதியைத்தான். தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு கால் பங்காகும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஏன் இருமடி? ஒரு நிறையிலிருந்து விசைக்கோடுகள் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. முப்பரிமாணத்தில் கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியாக வளர்கிறது, அதே எண்ணிக்கைக் கோடுகள் அந்தப் பரப்பில் பங்கு போடப்படுகின்றன. அந்த 2 என்ற எண் 3-லிருந்து 1-ஐக் கழித்து வந்தது. திசை நாலானால் மும்மடி, ஐந்தானால் நான்மடி.

ஆக, விசை தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்று அளந்தால் எத்தனை திசைகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். எனக்கு இந்த வாதம் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. ஒரு தராசை வைத்துக்கொண்டு வெளிக்கு எத்தனை திசை என்று எண்ண முடியும் என்றால் அது சின்ன விஷயமா?

எல்லாத் திசையும் பெரிதாக, எல்லோருக்கும் திறந்திருக்கிற நாலு பரிமாண உலகத்தை 1917-இலேயே இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் கணக்குப் போட்டுத் தள்ளிவிட்டார். அங்கே கோள்களுக்கு நிலையான சுற்றுப்பாதை கிடையாது. சற்றே தடுமாறினால் போதும், சூரியனில் விழும் அல்லது ஓடிப்போகும். அணுக்களுக்கும் அதே கதி. நாம் உட்கார்ந்து இதைப் பேசுவதே அந்த வகை இல்லை என்பதற்குச் சாட்சி.

சுருண்ட பரிமாணம் என்றால் கதை வேறு. அதன் ஆரத்தைவிட மிகப் பெரிய தூரத்தில் அளந்தால் பழைய இருமடி விதியே வரும். ஆரத்தைவிடச் சிறிய தூரத்துக்குள் போனால்தான் விசைக்கோடுகளுக்குப் புதுத் திசையில் இடம் கிடைக்கும். அங்கே, நெருங்க நெருங்க ஈர்ப்பு நாம் நினைத்ததைவிட வேகமாக ஏறும். ஆகவே, கிட்டப் போய் ஈர்ப்பை அளக்க வேண்டும். எவ்வளவு கிட்டே?

இப்போது அந்தக் கணக்கு

1998-இல் நிமா அர்கானி-ஹமேத், சவாஸ் டிமோபுலோஸ், கியா ட்வாலி என்ற மூன்று இயற்பியலாளர்கள் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். மற்ற விசைகளுக்கு முன்னால் ஈர்ப்பு ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே உள்ள மின்விசை, ஈர்ப்பு விசையைவிடச் சுமார் 10³⁶ மடங்கு பெரியது. ஈர்ப்பு உண்மையில் பலவீனமே இல்லை, கூடுதல் பரிமாணங்களுக்குள் பரவி நீர்த்துப்போய் நம்மிடம் வருகிறது என்றால்?

தாளை எடுங்கள். 10⁻¹⁹ மீட்டர் தூரத்தில் ஈர்ப்பு மற்ற விசைகளுக்குச் சமமாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்; எல்.எச்.சி. துகள் முடுக்கி எட்டிப் பார்க்கும் தூரம் அதுதான். அந்தத் தூரத்தில் சாதாரணக் கணக்குப்படி ஈர்ப்பு சுமார் 10³⁰ மடங்கு குறைவாக இருக்கிறது. இந்தப் பற்றாக்குறை முழுவதையும் கூடுதல் பரிமாணங்கள் ஈடுகட்ட வேண்டும். ஒரு பரிமாணம் தரும் லாபம், அதன் ஆரத்தை 10⁻¹⁹-ஆல் வகுத்தால் வருவது. இரண்டு பரிமாணம் என்றால் அதன் இருமடி, மூன்று என்றால் மும்மடி.

ஒரே ஒரு கூடுதல் பரிமாணம் இருந்தால்: ஆரம் 10⁻¹⁹ × 10³⁰, அதாவது 10¹¹ மீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே 1.5 × 10¹¹ மீட்டர்தான். அப்படி இருந்தால் கோள்களின் பாதை எல்லாம் என்றைக்கோ குழம்பியிருக்கும். ஆகவே அடித்துவிடுங்கள்.

இரண்டு இருந்தால்: 10³⁰-இன் இருமடி மூலம் 10¹⁵. ஆரம் 10⁻⁴ மீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு!

மூன்று இருந்தால் 10⁻⁹ மீட்டர். ஆறு என்றால் 10⁻¹⁴, அணுக்கருவின் அளவு.

இதெல்லாம் தோராயக் கணக்கு, பத்து மடங்கு அப்படி இப்படி இருக்கலாம். ஆனால் அந்த நடு விடையைப் பாருங்கள். காகிதத்தின் தடிமன் அளவுள்ள ஒரு பரிமாணம் நம் மூக்கின் முன்னாலேயே இருந்திருந்தாலும் 1998-இல் நமக்குத் தெரிந்திருக்காது. ஏனென்றால், கோள்களின் தூரத்தில் அவ்வளவு துல்லியமாகச் சோதித்த ஈர்ப்பு விதியை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே யாரும் உருப்படியாகச் சோதித்திருக்கவில்லை.

சியாட்டில் முறுக்குத் தராசு

நம் ஊரில் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு செய்முறையில் முறுக்கு ஊசல் கண்டிப்பாக இருக்கும். ஒரு கம்பியில் வட்டத்தகட்டைத் தொங்கவிட்டு, லேசாகத் திருப்பிவிட்டு, நிறுத்துக்கடிகாரத்தில் பத்து அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று குறிப்பார்கள். திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்து விறைப்புக் குணகம் கண்டுபிடிப்பார்கள். 1798-இல் கேவண்டிஷ் ஈர்ப்பை அளந்ததும் இதன் அண்ணன் ஒன்றில்தான். கூடுதல் பரிமாணத்தைத் தேட அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு எடுத்ததும் இதே கருவிதான். எரிக் அடெல்பெர்கர், ஜென்ஸ் குண்ட்லாக், பிளேன் ஹெக்கல் ஆகியோரின் குழு அது. ஹங்கேரிய இயற்பியலாளர் ஏத்வேஷ் நினைவாகவும் தங்கள் பல்கலைக்கழகத்தின் நினைவாகவும் தங்களுக்கு 'ஏத்-வாஷ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய கம்பி 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள டங்ஸ்டன் இழை, தலைமுடியைவிட மெல்லியது. நீளம் சுமார் 80 சென்டிமீட்டர். அதன் நுனியில் ஓர் உலோக வளையம் படுக்கைவாட்டில் தொங்குகிறது. அதற்குக் கீழே இன்னொரு உலோகத் தகடு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். 2001-இல் வெளியான முதல் சோதனையில் தொங்கும் அலுமினிய வளையத்தில் 10 துளைகள், கீழே சுற்றும் செம்புத் தகட்டிலும் 10 துளைகள்.

துளை எதற்கு? தகடு முழுசாக இருந்தால் அது சுற்றினாலும் ஈர்ப்பு மாறாது, அளக்க ஒன்றும் இருக்காது. துளை இருக்கும் இடத்தில் நிறை இல்லை. மேல் துளையும் கீழ்த் துளையும் ஒன்றையொன்று கடக்கும்போது வளையம் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் முறுக்கும். கீழ்த் தகடு ஒருமுறை சுற்றினால் இழையின் முறுக்கு பத்து முறை ஏறி இறங்கும். இதுதான் கெட்டிக்காரத்தனம். மோட்டார் அதிர்வு தகட்டின் சுற்றுக்கு ஒருமுறை வரும். வெப்பநிலை மாற்றமும் ஆட்கள் நடமாட்டமும் தம் இஷ்டத்துக்கு வரும். பத்து முறை என்ற தாளத்தில் வருவதை மட்டும் பிரித்தெடுத்தால் அது துளைகளின் வேலைதான். பி.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கூட நான் இதைச் சொல்வதுண்டு: சத்தத்தை அடக்க முடியாதபோது, சத்தம் இல்லாத தாளத்துக்கு உங்கள் சைகையை (சிக்னலை) நகர்த்துங்கள்.

இதைவிட அழகான வேலை ஒன்று அடியில் இருக்கிறது. சுற்றும் தகட்டுக்குக் கீழே, அதோடு சேர்ந்து சுற்றுகிற இன்னொரு தடித்த தகட்டை ஒட்டியிருந்தார்கள். அதிலும் பத்துத் துளைகள். ஆனால் மேல்தகட்டின் இரண்டு துளைகளுக்கு நடுவே வரும்படி தள்ளிப் போட்டவை. நியூட்டன் சொன்ன விதி சரியாக இருந்தால் மேல்தகடு ஒரு பக்கம் முறுக்க, கீழ்த்தகடு எதிர்ப்பக்கம் முறுக்கி, மொத்த முறுக்கு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். கிட்டத்தில் மட்டும் தலைகாட்டும் புது விசை இருந்தால்? தூரத்தில் இருக்கும் கீழ்த்தகட்டுக்கு அதை ஈடுகட்டும் பலம் இருக்காது, மீதி முறுக்கு தெரிந்துவிடும். தெரிந்த விசையைக் கருவியை வைத்தே கழித்துவிட்டு, தெரியாததற்கு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

முறுக்கை அளக்க, தொங்கும் வளையத்துக்கு மேலே ஒட்டிய கண்ணாடியில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்கிறார்கள். அளக்கும் கோணம் நானோரேடியன் கணக்கில். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எவ்வளவு கோணமோ, அவ்வளவு.

இந்தத் துறையில் உண்மையான எதிரி ஈர்ப்பின் பலவீனம். மேலே சொன்ன 10³⁶-ஐ மறந்துவிடாதீர்கள். உலோகப் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளி மின்னழுத்த வேறுபாடு இருந்தால்கூட அது ஈர்ப்பை அப்படியே மூழ்கடித்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் தங்கப் பூச்சு. மேலேயும் கீழேயும் உள்ள தகடுகளுக்கு நடுவே, முரசுத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டிய பெரிலியம்-செம்பு மென்தகடு ஒன்று மின்விசையைத் தடுத்துக்கொண்டே இருக்கும். பின்னாளில் அதன் தடிமனை 10 மைக்ரானுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு தகடுகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்றால் இந்த மென்தகட்டுக்கும் இடம் விட்டுத்தான் குறைக்க முடியும். இடையில் ஒரு தூசி விழுந்தாலும் வேலை கெட்டது. ஒவ்வொரு மைக்ரானும் போராடி வாங்கியதுதான்.

முடிவுகள்: 2001-இல் சுமார் 0.2 மில்லிமீட்டர் வரை இருமடி விதி நின்றது. 2007-இல் துளைகளைப் பெருக்கி மாலிப்டினம் தகடுகளுக்கு மாறினார்கள். ஈர்ப்புக்குச் சமமான பலமுள்ள புது விசை எதுவும் 56 மைக்ரானுக்கு மேல் செயல்படவில்லை என்றும், கூடுதல் பரிமாணம் இருந்தால் அதன் ஆரம் 44 மைக்ரானுக்குள்தான் என்றும் தெரிந்தது. 2020-இல் துளைக்குப் பதிலாக பிளாட்டினத்தில் ஆப்பு வடிவக் கீற்றுகள். தகடுகளை 52 மைக்ரான் நெருக்கத்துக்குக் கொண்டுபோய், அந்த ஆர வரம்பை 30 மைக்ரானுக்கு இறக்கினார்கள்.

இந்த 30-ஐ எப்படிப் படிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கூடுதல் பரிமாணம் இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. "30 மைக்ரானைவிடப் பெரியதாக, ஈர்ப்பு நுழையும்படி ஒன்று இருந்திருந்தால் எங்கள் இழை முறுக்கியிருக்கும், முறுக்கவில்லை" என்பதுதான் பொருள். அதுவும் 95 சதவீத நம்பகத்தன்மையோடு. உங்கள் தாளில் 30 மைக்ரானில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே உள்ளதை அடித்துவிடுங்கள். கீழே உள்ள இடம் இன்னும் திறந்தே இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய சோதனை என்று இதைச் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 1998-இல் சாத்தியமாக இருந்த ஓர் உலகத்தை இந்தத் தகடுகள் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டன.

மற்ற வழிகள்

சிறிய பரிமாணங்களுக்குத் தராசு எட்டாது. அப்போது ஆற்றலைக் கூட்ட வேண்டும். எல்.எச்.சி.யில் இரண்டு விதமாகத் தேடுகிறார்கள். முதல் விதம், கணக்கில் விட்டுப்போன ஆற்றல். மோதலில் ஒரு பக்கம் துகள்கள் பீறிட்டு வருகின்றன, எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை என்றால், உந்த அழிவின்மை விதிப்படி கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பக்கம் போயிருக்கிறது. அது கூடுதல் பரிமாணத்துக்குள் நழுவிய கிராவிட்டானாக, அதாவது ஈர்ப்பைச் சுமக்கும் துகளாக இருக்கலாம். எதிலும் எளிதில் சிக்காத சாதாரண நியூட்ரினோத் துகளாகவும் இருக்கலாம், பெரும்பாலும் அதுதான். நியூட்ரினோக்களால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுக் கழித்து, மீதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மீதி இல்லை. எல்.எச்.சி.யின் அட்லாஸ் குழு 2021-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஈர்ப்பு பலமாகும் ஆற்றல், இரண்டு கூடுதல் பரிமாணம் என்றால் சுமார் 11 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு), ஆறு என்றால் சுமார் 6-க்கும் மேலேதான் இருக்க முடியும்.

இரண்டாவது விதம், ஏணிப்படி. சுருண்ட திசையில் ஓடும் துகள் நமக்குக் கூடுதல் நிறையுள்ள துகளாகத் தெரியும். குவாண்டம் விதிப்படி அந்த ஓட்டம் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே வரும். எனவே ஒரே குணமுள்ள துகள் அடுத்தடுத்த நிறைகளில் வரிசையாகத் தென்பட வேண்டும். சாதாரண வட்டம் என்றால் படிகள் சம இடைவெளியில் வரும். 1999-இல் லிசா ரேண்டலும் ராமன் சுந்தரமும் சொன்ன வளைந்த பரிமாணத்தில் படிகள் வேறு இடைவெளியில் வரும். கூடுதல் பரிமாணத்துக்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. படிகளின் இடைவெளியிலிருந்து அந்தத் திசையின் அளவையும் வடிவத்தையும் படித்துவிடலாம்.

அப்புறம், வானம். 1987 பிப்ரவரி 23 அன்று, சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள் பூமிக்கு வந்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் யூனியனிலும் இருந்த கருவிகளில் பிடிபட்டவை மொத்தம் இரண்டு டஜன் அளவுதான். அவை பத்துப் பன்னிரண்டு விநாடிகளுக்குப் பரவி வந்தன என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். வெடித்த விண்மீனின் கொதிக்கும் மையம் நியூட்ரினோக்களை வெளிவிட்டுத்தான் ஆறுகிறது. கிராவிட்டான்களும் கூடுதல் பரிமாணத்துக்குள் ஆற்றலை அள்ளிக்கொண்டு போயிருந்தால் மையம் சீக்கிரமே ஆறியிருக்கும், நியூட்ரினோ வரத்தும் சீக்கிரமே நின்றிருக்கும். அப்படி நிற்கவில்லை. இரண்டு கூடுதல் பரிமாணம் என்றால் ஆரம் ஒரு மைக்ரானுக்கும் கீழே என்று இதிலிருந்து வருகிறது. சியாட்டில் தராசைவிடக் கறாரான வரம்பு. ஆனால் விண்மீனின் உட்புறத்தை நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிற வரம்பு. என் தாளில் தராசின் கோட்டை மையிலும் சூப்பர்நோவாவின் கோட்டைப் பென்சிலிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

2017 ஆகஸ்ட் 17 அன்று வந்த ஈர்ப்பு அலை இன்னொரு கதவு. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பு அலைக் கருவிகளான லைகோவும் விர்கோவும் பதிவு செய்தன, 1.7 விநாடி கழித்து காமாக் கதிர் வந்தது. மோதல் நடந்தது சுமார் 13 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு விண்மீன் திரளில் என்று தொலைநோக்கிகள் காட்டின. ஈர்ப்பு அலை வழியில் வேறு பரிமாணத்துக்குள் கசிந்திருந்தால் பலம் குறைந்து, அதை வைத்துக் கணக்கிடும் தூரம் நிஜத் தூரத்தைவிட அதிகமாக வந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போயின. மிகப் பெரிய பரிமாணங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். மைக்ரான் அளவில் சுருண்டதைப் பற்றி இந்த அலை எதுவும் சொல்லாது.

செய்தி வந்தால் என்ன செய்வது

2015 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். எல்.எச்.சி.யின் இரண்டு பெரிய கருவிகளான அட்லாஸும் சி.எம்.எஸ்.ஸும், இரண்டு ஃபோட்டான்கள் வெளிவரும் மோதல்களில் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சின்ன மேடு தெரிகிறது என்று அறிவித்தன. கூடுதல் பரிமாண ஏணியின் முதல் படியாக இருக்கலாம் என்பது அப்போது வந்த விளக்கங்களில் ஒன்று. சில மாதங்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் கூடுதல் தரவைக் காட்டினார்கள். மேடு காணாமல் போயிருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் மேடு இருக்கிறதா என்று தேடினால் எங்காவது ஓரிடத்தில் தற்செயலாக ஒன்று எழும்பத்தான் செய்யும். ஆகவே மேடு எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை இடங்களில் தேடிய பிறகு அது கிடைத்தது என்றும் பாருங்கள். மேடு தற்செயல் இல்லை என்பது எவ்வளவு உறுதி என்று அறிவிப்பில் இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள்; தேடிய இடங்களைக் கணக்கில் சேர்த்த எண் எப்போதும் சிறியது. நாளிதழில் பெரிய எண்தான் வரும். துகள் இயற்பியலில் அந்த எண் ஐந்து திட்டவிலக்கத்தை (தற்செயல் ஏற்ற இறக்கத்தின் அளவுகோல்) தாண்டினால்தான் கண்டுபிடிப்பு என்பார்கள்.

அடுத்தது, வினைச்சொல்லைப் பாருங்கள். "கண்டுபிடித்தார்கள்" என்று தலைப்பில் இருந்தாலும் உள்ளே "விளக்கக்கூடும்" என்று இருந்தால் அது ஒரு கோட்பாட்டுக் கட்டுரை. கோட்பாட்டுக் கட்டுரை மோசமானது என்று சொல்லவில்லை, 1998 கட்டுரையும் அந்த வகைதான். ஆனால் அதற்கு அப்புறம் யாரோ ஒருவர் இழையைத் தொங்கவிட வேண்டும்.

நிஜமான கண்டுபிடிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தராசில் என்றால் விசை கூடுவது மட்டும் போதாது. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க மும்மடி விதிப்படியோ நான்மடிப்படியோ ஏற வேண்டும். தகட்டின் உலோகத்தை மாற்றினாலும் நிறைக்கு ஏற்ப மட்டுமே மாற வேண்டும். இல்லையென்றால் அது ஏதோ மின்னழுத்தத்தின் வேலை. அதற்குப் பிறகு இன்னொரு நாட்டில், இன்னொரு வடிவத்தில் கட்டிய கருவியில் அதே ஆரம் கிடைக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால் அன்றைக்கு நான் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டு அதைப் பற்றி மட்டுமே பேசுவேன்.

எட்டாதது எது, எட்டக்கூடியது எது

கிளைன் கணக்கிட்ட அளவிலோ, அதைவிடச் சிறிய பிளாங்க் நீளத்திலோ, அதாவது 1.6 × 10⁻³⁵ மீட்டரில், எல்லாப் பரிமாணமும் சுருண்டிருந்தால் நிலைமை கஷ்டம்தான். இழைக் கோட்பாடு (ஸ்ட்ரிங் தியரி) கேட்கும் ஆறு கூடுதல் பரிமாணங்களைப் பலர் அந்த அளவுகளுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். அதை நேரில் பார்க்க எல்.எச்.சி.யைப் போலச் சுமார் 10¹⁵ மடங்கு ஆற்றல் வேண்டும். எல்.எச்.சி. வளையத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர். அதே காந்தங்களை வைத்துக்கொண்டு அந்த ஆற்றலுக்குப் போனால் வளையத்தின் சுற்றளவு சுமார் 2,850 ஒளியாண்டு அளவுக்கு வரும், போட்டுப் பாருங்கள். நேரடிச் சோதனைக்கு இங்கே வழியில்லை. பிரபஞ்சத்தின் தொடக்க நொடிகள் விட்டுப்போன தடயங்களில் மறைமுகமாக ஏதாவது கிடைத்தால் உண்டு.

ஆனால் 2022-இல் மிகேல் மொன்டெரோ, கம்ரூன் வாஃபா, ஐரீன் வலென்சுவேலா மூவரும் வைத்த யோசனையை நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் இருள் ஆற்றலின் அளவு ஏன் இவ்வளவு சிறியது என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, மைக்ரான் அளவில் ஒரே ஒரு பெரிய பரிமாணம் இருக்க வேண்டும் என்று முடிக்கிறார்கள். "இருண்ட பரிமாணம்" என்று பெயர். ஒரே பரிமாணம் என்றால் சூரியன் தூரத்துக்குப் போய்விடுமே, அடித்துவிட்டோமே என்று கேட்கலாம். அந்தக் கணக்கில் ஈர்ப்பு 10⁻¹⁹ மீட்டரிலேயே பலமாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தோம். இவர்கள் அந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அதனால் இதைப் பிடிப்பது எல்.எச்.சி.யின் சக்திக்கு மீறியது. ஒரே ஒரு பரிமாணத்துக்கு 1987 சூப்பர்நோவாவும் அவ்வளவு கறாரான வரம்பு போடவில்லை. எனவே தேடல் மறுபடியும் தராசின் கைக்கே வந்திருக்கிறது.

30 மைக்ரானிலிருந்து சில மைக்ரானுக்கு இறங்குவது சுலபமில்லை. அவ்வளவு கிட்டத்தில் மின்னழுத்தத் திட்டுகளின் விசை பலமாகிறது. வெற்றிடத்தின் குவாண்டம் அலைவுகளால் வரும் கசிமிர் விசையும் ஓங்கிவிடும். இன்னொரு பக்கம், சின்ன நிறைகளின் ஈர்ப்பை அளக்கும் கலை வளர்ந்துகொண்டே வருகிறது. 2021-இல் வியன்னாவில் மார்க்குஸ் ஆஸ்பெல்மேயரின் குழு, 2 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 90 மில்லிகிராம் எடையும் உள்ள ஒரு தங்கக் குண்டின் ஈர்ப்பைப் பிரித்து அளந்து காட்டியது.

அடுத்த முடிவு வரும்போது அதிலிருந்து மூன்று எண்களை உங்கள் தாளில் ஏற்றுங்கள்: தகடுகள் எவ்வளவு நெருங்கின, ஈர்ப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு பலமுள்ள விசைவரை தேடினார்கள், ஆரத்தின் வரம்பு என்ன. அந்த மூன்றாவது எண் 10 மைக்ரானுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், இருண்ட பரிமாணம் ஒன்று இழையை முறுக்கியே ஆக வேண்டிய பகுதிக்குள் தராசு நுழைந்துவிட்டது.